மூக்குக்கும் தெரியாது, பலகையும் சொல்லாது!

மும்பையில் இன்றைய காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. காற்றுத் தரக் குறியீடு என்று ஓர் எண் தினமும் வெளியாகிறது. பத்திரிகையில் வருகிறது, செல்போனில் வருகிறது, சில இடங்களில் மின்பலகையிலும் ஓடுகிறது. அந்த எண் 50க்குள் இருந்தால் "நன்று". 100க்குள் இருந்தால் "திருப்தி". 200க்குள் "மிதம்". அதற்கு மேலே போனால் "மோசம்". பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைப் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் செம்பூரை அடுத்த மாகுலிலும் வாஷி நாகாவிலும் குடியிருப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். குறியீடு "திருப்தி" என்று சொல்லும் நாளிலும் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் பெட்ரோல் வாடையும் கெமிக்கல் வாடையும் புகுந்துவிடுவது உண்டு. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். அப்படியானால் குறியீடு பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. கேள்வியில்தான் குறை இருக்கிறது. பெட்ரோலிலிருந்தும், கச்சா எண்ணெயிலிருந்தும், பெயிண்டிலிருந்தும், பசையிலிருந்தும் ஆவியாகிக் காற்றில் கலக்கும் ஹைட்ரோ கார்பன்கள் அந்த எண்ணில் சேர்க்கப்படுவதே இல்லை. சேர்க்காத செலவு கணக்கில் எப்படி வரும்?

எட்டுக்குள் வராத விஷம்

மத்திய அரசு 2015-ம் ஆண்டு ஏப்ரலில் இந்தக் குறியீட்டைத் தொடங்கி வைத்தது. இரு வகை நுண்தூசு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம் ஆகிய 8 பொருட்கள் இதில் கணக்கிடப்படுகின்றன.

அதே மத்திய அரசு 2009-ம் ஆண்டு நவம்பரில், "காற்றில் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது" என்று வரம்பு கட்டிய பொருட்கள் 12. குறியீட்டில் இடம் பெறாத மீதி நான்கு எவை? பென்சீன், பென்சோ பைரீன், ஆர்சனிக், நிக்கல். நான்குமே புற்றுநோய் உண்டாக்குபவை. அவற்றில் முதல் இரண்டும் ஹைட்ரோ கார்பன்கள்.

அதற்கு முன்பு, 1994-ம் ஆண்டு வரம்புகளில் பென்சீன் என்ற பெயரே கிடையாது. மாகுல் கரையில் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1954-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. பென்சீனுக்கு வரம்பு வந்தது 2009-ல். அதாவது, ஆலை வந்து 55 ஆண்டுகள் கழித்துத்தான் அதைச் சுற்றியிருப்பவர்கள் சுவாசிக்கும் பென்சீனுக்குச் சட்டப்படி ஓர் அளவு ஏற்பட்டது. ஓர் ஆண்டின் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோ கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதே அந்த அளவு. ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ கிராம்.

கரியும் நீரகமும்

ஹைட்ரோ கார்பன் என்றால் பயங்கரமான பெயராகத் தோன்றும். கரி அணுவும் ஹைட்ரஜன் அணுவும் மட்டும் சேர்ந்த பொருள் என்பதுதான் பொருள். சமையல் காஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், தார் எல்லாம் இந்தக் குடும்பமே. குடும்பத்தில் சாதுவும் உண்டு, கொடியவனும் உண்டு. கொடியவர்களில் முதல்வன் பென்சீன்.

பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். ரத்தம் உற்பத்தியாகும் இடம் அது. நெடுநாள் சுவாசித்தால் ரத்த அணுக்கள் குறையும். ரத்தப் புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் இதை வெகு காலத்துக்கு முன்பே சேர்த்துவிட்டது. இவ்வளவு வரை ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு பென்சீனுக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பென்சீனின் வாடையை மனித மூக்கு அறிய வேண்டுமானால், சட்ட வரம்பைப் போல் பல நூறு மடங்கு அது காற்றில் இருந்தாக வேண்டும். மாகுலில் மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் கந்தகச் சேர்மங்களும் மற்ற ஆவிகளும் கலந்த வாடை. ஆகவே, வாடை அடித்தால்தான் ஆபத்து, அடிக்காவிட்டால் நல்ல காற்று என்று நினைப்பதும் தவறு. மூக்குக்கும் தெரியாது, பலகையும் சொல்லாது என்ற நிலையில் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

ஹைட்ரோ கார்பன் செய்யும் கெடுதல் இத்தோடு நிற்பதில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோ கார்பன் ஆவியும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் பிறக்கிறது. வானத்தின் மேல்மட்டத்தில் ஓசோன் காவல்காரன். தரைமட்டத்தில் நுரையீரலைப் புண்ணாக்கும் பகைவன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த மர்மமான புகைமூட்டத்துக்கு இதுவே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மித் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். இன்றைய குறியீட்டில் ஓசோனுக்கு இடம் இருக்கிறது. அது பிறக்கக் காரணமான ஹைட்ரோ கார்பனுக்கு இடம் இல்லை!

ஆலை முதலில், நகரம் பிறகு

மாகுலும் டிராம்பேயும் ஒரு காலத்தில் கோலி மீனவர் கிராமங்கள். சதுப்பும் உப்பங்கழியுமாக, பம்பாய் நகரத்துக்கு வெளியே கிடந்தன. நகரத்துக்கு ஆகாத தொழில்களை அங்கே வைக்கலாம் என்று அன்று முடிவு செய்தார்கள். 1954-ல் ஒரு சுத்திகரிப்பு ஆலை, 1955-ல் மற்றொன்று, அடுத்து அனல் மின்நிலையம், 1965-ல் உரத் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்நியக் கம்பெனிகள் கையில் இருந்த இரு எண்ணெய் ஆலைகளும் 1970-களின் நடுவில் அரசுடைமை ஆயின. பெயர்ப் பலகை மாறியது. புகைபோக்கி அதே இடத்தில் நின்றது.

ஆலை இருந்தால் வேலை இருக்கும். வேலை இருந்தால் ஆட்கள் வருவார்கள். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ரயில் ஏறி வந்தவர்கள் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர், கோவண்டி, மான்கூர்டு என்று குடியேறினார்கள். 1976-ம் ஆண்டு மே மாதம் அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டன. அவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் கேம்பும் அதே டிராம்பே கரையில்தான் இருக்கிறது.

நகரம் ஆலைகளைச் சுற்றி வளர்ந்துவிட்டது. செம்பூருக்கு "காஸ் சேம்பர்" என்று பட்டப்பெயரே விழுந்தது. 2009-ம் ஆண்டு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை எடை போட்டபோது, செம்பூரைக் "கடுமையாக மாசுபட்ட" இடங்களின் பட்டியலில் வைத்தது. சென்னை மணலியில் வசிக்கும் உறவினர்களுக்கு இது புதுக்கதையாக இராது. அங்கேயும் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகே வீடுகள் நெருங்கி வளர்ந்தன.

காற்றின் போக்கும் கவனிக்கத்தக்கது. மும்பையில் பகலில் பொதுவாகக் கடற்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மாகுல் கிழக்குக் கரையில் இருப்பதால், ஆவி கழிமுகத்துப் பக்கம் போகும். இரவில் காற்றின் திசை மாறி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது ஆவி குடியிருப்புகளின் மேல் திரும்பும். பனிக்காலத்தில் காற்று மேலெழும்பாமல் தரையோடு தங்கிவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆபீஸ் நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை.

சாலையில் நடந்த நல்ல மாற்றம்

எல்லாமே கெட்டுவிட்டது என்று புலம்புவது நியாயம் ஆகாது. சாலையைப் பொறுத்தவரை நல்லது நடந்திருக்கிறது.

1970, 80-களில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஓடின. அந்த இயந்திரத்தில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறும். பின்னால் நடந்து போனவர்கள் சுவாசித்தது புகையை மட்டுமல்ல, பச்சைப் பெட்ரோலையும்தான். அந்தப் பெட்ரோலில் ஈயமும் கலந்திருந்தது.

1995-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆயிற்று. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. ஆனால் இதில் ஒரு சங்கடமும் இருந்தது. இயந்திரம் தட்டாமல் ஓடுவதற்காகச் சேர்த்த ஈயத்தை எடுத்துவிட்டால், அந்த வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும். பென்சீன் வகைப் பொருட்கள் அதைச் செய்யும். ஒரு விஷத்தை விரட்டி இன்னொன்றை உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெட்ரோலில் பென்சீனுக்கும் கடிவாளம் போட்டார்கள். 1990-களில் 5 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்ட பென்சீன், பாரத் மூன்றாம் தரத்தில் 1 சதவீதத்துக்கு இறங்கியது. பெருநகரங்களில் 2005-லும், நாடு முழுவதும் 2010-லும் இது அமலுக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் தரம் வந்தது.

மும்பையில் ஐகோர்ட்டு தலையிட்டதால், 2000-களின் தொடக்கத்தில் டாக்சிகளும் ஆட்டோக்களும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. இன்று ஓர் ஆட்டோவின் பின்னால் நிற்பவர், 40 ஆண்டுகளுக்கு முன்பு அவர் தந்தை நின்றபோது சுவாசித்ததைவிட எவ்வளவோ மேலான காற்றைச் சுவாசிக்கிறார்.

வண்டிக்கு வண்டி நஞ்சு குறைந்தது என்றாலும், வண்டிகள் பெருகிவிட்டன. மும்பையில் பதிவான வாகனங்கள் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று ஆண்டுக்கு ஆண்டு பார்த்துச் சொல்ல ஒரு நீண்ட கணக்கு வேண்டும். அந்தக் கணக்குத்தான் பொதுமக்கள் கைக்கு எட்டுவதில்லை.

அளந்தவர்கள் கண்டது

அளந்து வைத்தால் என்ன பயன் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமே சாட்சி. அங்கே 1960 முதல் 2010 வரையிலான 50 ஆண்டு அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வாகனங்களிலிருந்து வரும் ஹைட்ரோ கார்பன்கள் காற்றில் சுமார் 50 மடங்கு குறைந்திருந்தன. அதே காலத்தில் எரிபொருள் விற்பனை ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்ந்திருந்தது! பெட்ரோலை மூன்று மடங்கு எரித்தும் நஞ்சை ஐம்பதில் ஒன்றாக்க முடிந்தது. கன்வெர்ட்டர், நல்ல எரிபொருள், பங்க்கில் ஆவியைப் பிடிக்கும் குழாய் என்று ஒவ்வொரு சட்டத்தின் பலனும் அளவில் தெரிந்தது. தெரிந்ததால் அடுத்த சட்டத்துக்குத் தைரியம் வந்தது.

லண்டன் முதலிய பிரிட்டிஷ் நகரங்களில் 1991 முதல் ஹைட்ரோ கார்பனுக்கென்றே தானியங்கிக் கருவிகளை வைத்து அளந்தார்கள். பென்சீன் பெருமளவு குறைந்ததை மக்கள் தாங்களே பார்த்துக்கொள்ள முடிந்தது. ஐரோப்பிய நாடுகள் 2024-ல் புதிய சட்டம் செய்து, 5 மைக்ரோ கிராமாக இருந்த பென்சீன் வரம்பை 2030-க்குள் 3.4 ஆகக் குறைக்க முடிவு செய்திருக்கின்றன.

அளவு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. வாகன நஞ்சு குறையக் குறைய, அதன் நிழலில் ஒளிந்திருந்த மற்றவை வெளியே தெரிந்தன. பெயிண்ட், பசை, அச்சு மை, துப்புரவுத் திரவம், வாசனைத் தைலம் போன்றவற்றிலிருந்து எழும் ஆவி, தொழில் வளர்ந்த நகரங்களில் பெட்ரோலியத்திலிருந்து வரும் ஆவிகளில் ஏறக்குறைய பாதி ஆகிவிட்டது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2018-ல் எடுத்துக் காட்டினார்கள். முதல் எதிரி ஓய்ந்தால் இரண்டாம் எதிரி முன்னுக்கு வருகிறான். அவன் முகத்தைத் தெரிந்துகொள்ளவும் அளவுகோல்தான் வேண்டியிருக்கிறது.

புகைபோக்கி மட்டுமா?

சுத்திகரிப்பு ஆலை என்றவுடன் உயர்ந்த புகைபோக்கியும் அதன் நுனியில் எரியும் தீயும் மனதில் வரும். ஹைட்ரோ கார்பனில் பெரும்பங்கு அந்த உயரத்திலிருந்து வருவதில்லை. தரைக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது.

எண்ணெய்த் தொட்டியின் கூரை ஓரத்தில் உள்ள இடுக்கு, ஆயிரக்கணக்கான வால்வுகள், பம்புகள், குழாய் இணைப்புகள், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் திறந்த தொட்டி, டாங்கர் லாரியிலும் கப்பலிலும் சரக்கு ஏற்றும் இடம் - இவையே ஆவி வெளியேறும் வாசல்கள். காலி டாங்கருக்குள் எண்ணெய் இறங்கும்போது, உள்ளே இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போது மூக்கில் ஏறும் அதே ஆவிதான், அங்கே லாரி லாரியாக எழுகிறது.

ஒவ்வொரு கசிவும் சிறிது. எல்லாம் சேர்ந்தால் பெரிது. அதைத் தடுக்க வழியும் உண்டு. மிதக்கும் கூரைக்கு இரட்டை அடைப்பு, ஆவியைத் திரும்பப் பிடித்துத் திரவமாக்கும் கருவி, கசிவைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கும் முறை ஆகியவை உலகெங்கும் நடைமுறையில் இருக்கின்றன. பிடித்த ஆவி மறுபடி விற்கும் சரக்கு ஆகிறது என்பதால் முழுவதும் நஷ்டக் கணக்கும் இல்லை.

அமெரிக்காவில் 2015-ல் ஒரு விதி செய்தார்கள். ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும் தன் வேலியைச் சுற்றிலும் கருவிகளை வைத்துப் பென்சீனை அளக்க வேண்டும். ஆண்டுச் சராசரி 9 மைக்ரோ கிராமைத் தாண்டினால், எங்கே கசிகிறது என்று தேடி அடைக்க வேண்டும். அளவுகளை ஊரார் பார்க்க வெளியிட வேண்டும். ஆலை தன் வேலியோரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற இந்த ஏற்பாடு மாகுலுக்கும் பொருந்தாதா?

மாகுல் சொல்லும் பாடம்

மாகுல், அம்பாபாடா கிராம மக்கள் நெடுங்காலம் முறையிட்டார்கள். 2013-ல் கே.இ.எம். ஆஸ்பத்திரியினர் அங்கே ஆய்வு நடத்தினார்கள். மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத்திணறல் வருவதாக 67.1 சதவீதம் பேர் சொன்னார்கள். கண் எரிச்சல் 86.6 சதவீதம் பேருக்கு. நெஞ்சு அடைப்பது போன்ற உணர்வு 84.5 சதவீதம் பேருக்கு.

2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அந்த மக்களின் ஆரோக்கியத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை அகற்றியபோது, அந்த ஏழைக் குடும்பங்களை 2017-ல் அதே மாகுலில் உள்ள 72 கட்டிடங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்! ஆபத்து என்று ஒரு தீர்ப்பு சொன்ன இடத்தில், புதிதாக ஆயிரக்கணக்கானோர் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் போராடினார்கள். 2018 ஆகஸ்டு 8-ந் தேதி பக்கத்து ஆலையில் வெடிவிபத்து நேர்ந்து 40-க்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். 2019 ஏப்ரலில் ஐகோர்ட்டு, மாகுல் போக விரும்பாத குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுக்க வேண்டும், அல்லது மாதம் ரூ.15 ஆயிரம் வாடகைப்பணம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் இரு சுத்திகரிப்பு ஆலைகள் உள்பட நான்கு நிறுவனங்கள் மீது மொத்தம் சுமார் ரூ.286 கோடி இழப்பீடு விதித்தது. காற்றில் கலந்த ஆவி ஹைட்ரோ கார்பன்களே அந்த வழக்கின் மையம். கோர்ட்டு ஏறினால்தான் ஹைட்ரோ கார்பனுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதே இதில் தெரியும் உண்மை.

2019 செப்டம்பர் 19-ந் தேதி இரவை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பூர், மான்கூர்டு, கோவண்டி, காட்கோபர், பொவாய் என்று நகரத்தின் பல பகுதிகளில் காஸ் வாடை பரவியது. மக்கள் பயந்து தெருவுக்கு வந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் அங்குமிங்கும் ஓடின. வாடை எங்கிருந்து கிளம்பியது என்று அன்றிரவு யாராலும் சொல்ல முடியவில்லை. 2020 ஜூனிலும் அதே கதை. ஆலை வேலியைச் சுற்றியும் குடியிருப்புகளுக்குள்ளும் ஹைட்ரோ கார்பன் அளக்கும் கருவிகள் வரிசையாக இருந்திருந்தால், காற்றின் திசையை வைத்து ஒரு மணி நேரத்தில் இடத்தைச் சுட்டியிருக்கலாம்.

தாராவிப் பட்டறையிலும் உண்டு

பெரிய ஆலைகளை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. தாராவியின் தோல் பட்டறைகளில் பையும் பெல்ட்டும் ஒட்டும் பசையில் ஹைட்ரோ கார்பன் திரவம் இருக்கிறது. பெயிண்ட் அடிப்பவர், அச்சகத்தில் உருளை துடைப்பவர், பழைய டின்னைக் கழுவுபவர், பங்க்கில் பெட்ரோல் போடும் பையன், டாங்கரைச் சுத்தம் செய்பவர் ஆகியோரின் மூக்குக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான். பேக்கரி அடுப்பின் விறகுப் புகையிலும் எரியும் குப்பையிலும் பென்சோ பைரீன் வகை நஞ்சுகள் கிளம்பும். 2016 ஜனவரியில் தேவனார் குப்பைமேடு நாள் கணக்கில் எரிந்ததை கோவண்டி மக்கள் அறிவார்கள். 2025 ஜனவரியில் ஐகோர்ட்டு, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் 6 மாதத்துக்குள் காஸ் அல்லது மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று கூறியது.

பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பசை ஒட்டும் தொழிலாளிக்கு, தெருமுனைப் பலகை என்ன சொன்னால் என்ன? அங்கே அளவே கிடையாது. ஜன்னலைத் திறந்து வைப்பது, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது, பசை டின்னை உடனுக்குடன் மூடுவது, கையில் ஒட்டியதைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதிருப்பது ஆகியவை சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்கள். பட்டறை முதலாளிகளிலும் தமிழர்கள் உண்டு. தங்கள் ஊர்ப் பிள்ளைகளே அங்கு வேலை செய்கிறார்கள் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும்.

மறுப்பும் விடையும்

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. "ஆலை மூடினால் பிழைப்பு என்ன ஆகும்?" என்பது முதல் மறுப்பு. நியாயமான பயம். அந்த ஆலைகளை நம்பிச் சோறு தின்னும் குடும்பங்கள் பல. ஆனால் அளக்கச் சொல்வது வேறு, மூடச் சொல்வது வேறு. தராசு வைத்ததால் எந்தக் கடையும் மூடியதில்லை. எடையில் ஏமாற்றும் கடைக்குத்தான் தராசைக் கண்டால் கஷ்டம்.

இரண்டாவது மறுப்பு நிபுணர்களுடையது. பென்சீன் ஒரு நாளில் கொல்லும் நஞ்சு அல்ல. ஆண்டுக்கணக்கில் அரிக்கும் நஞ்சு. அதற்கு வரம்பும் ஆண்டுச் சராசரிதான். அப்படிப்பட்டதைத் தினக் குறியீட்டில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. சேர்க்க முடியாவிட்டால் சேர்க்க வேண்டாம். பக்கத்தில் தனியாக எழுதலாமே! "கடந்த 12 மாதங்களில் இந்த இடத்துப் பென்சீன் சராசரி இவ்வளவு, சட்ட வரம்பு 5" என்று ஒரு வரி போதும். அளவு நிலையங்கள் பலவற்றில் பென்சீன் அளக்கும் கருவி இருக்கவே இருக்கிறது. அது காட்டும் எண் இன்டர்நெட்டில் ஒரு பட்டியலின் மூலையில் கிடக்கிறது. தெருவுக்கு வருவதில்லை.

மூன்றாவது, "முதலில் தூசியைக் குறைப்போம், மற்றவை பிறகு" என்பது. 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் தூசிக்குத்தான் இலக்கு வைத்திருக்கிறது. தூசி கொடியதுதான். ஆனால் காற்றில் ஹைட்ரோ கார்பன் ஆவி மாறி நுண்தூசியாகவும் படிகிறது. இதை விட்டுவிட்டு அதை மட்டும் குறைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

செய்ய வேண்டியவை

மகாராஷ்டிர மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் மும்பை மாநகராட்சியும் செய்யக்கூடிய காரியங்கள் நான்கு.

ஒன்று: மாகுல், டிராம்பே, செம்பூர் வட்டாரத்தில் பென்சீனின் ஆண்டுச் சராசரியைக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். வார்டு ஆபீசிலும் ரேஷன் கடையிலும் மராத்தி, இந்தி, தமிழ், உருது மொழிகளில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டு: சுத்திகரிப்பு ஆலைகளையும் கெமிக்கல் தொட்டிகளையும் சுற்றி வேலியோரக் கருவிகள் வைத்து, அளவுகளை ஆண்டுதோறும் அழியாமல் காத்து, யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

மூன்று: பங்க் தொழிலாளர், டாங்கர் துப்புரவாளர், பசை, பெயிண்ட் தொழிலாளர் ஆகியோருக்கு மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்ய வேண்டும்.

நான்கு: பென்சீன் அளவு தெரிந்து, அது வரம்புக்குள் இருக்கிறது என்று உறுதியாகும்வரை எந்த ஏழைக் குடும்பத்தையும் அந்த வட்டாரத்தில் புதிதாகக் குடியேற்றக் கூடாது.

தமிழ்ச் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அதோடு ஒவ்வொரு சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். வாடை அடித்த தேதி, மணி, எந்தப் பக்கத்துக் காற்று, எத்தனை வீட்டில் கண் எரிந்தது என்று அதில் எழுதி வரலாம். இந்த ஊரின் ஆபீஸ்களில் தலைமுறை தலைமுறையாகப் பேரேடு எழுதி, ஒரு பைசா பிசகாமல் கணக்கு ஒப்பித்தவர்கள் தமிழ்க் குமாஸ்தாக்கள். அந்தக் கைகளுக்கு இது பெரிய வேலை அல்ல. 2005-ம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி பென்சீன் அளவைக் கேட்டு மனுப் போடவும் அவர்களுக்குத் தெரியும். மாகுல் மீனவர்கள் தீர்ப்பாயத்தின் படியேறியபோது அவர்களுக்குத் துணை நின்றது கூச்சலும் கோபமும் அல்ல, எழுதி வைத்த ஆதாரம்.

சாலையில் ஓடும் வண்டியிடம் ஈயத்தையும் பென்சீனையும் குறைக்கும்படி கேட்ட அரசு, அதைச் செய்தும் காட்டியிருக்கிறது. வேலிக்குள் நிற்கும் தொட்டியிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அளந்து சொல்வது அரசின் கடமை. தான் சுவாசிப்பது என்ன என்று தெரிந்துகொள்வது, வரி கட்டும் பெரிய மனிதருக்கும், வாடகை கொடுக்கும் குமாஸ்தாவுக்கும், குடிசையில் இருக்கும் கூலிக்காரருக்கும் பொதுவான உரிமை. அந்த உரிமையை மும்பைத் தமிழர்கள் மற்ற மொழிக்காரர்களோடு சேர்ந்து நின்று கேட்க வேண்டும்.